ஆடிக்கு முன் கழற்றிய கேம்ஷாஃப்ட்

7 ஜூலை 2025, திங்கள்

எளாவூர் செக்போஸ்ட் தாண்டியதும், என்னைப்போலவே லோடு ஓட்டும் மதன் என்னை முந்திக்கொண்டு போனான். போகிற போக்கில் கை வேறு காட்டினான். இருவர் வண்டியும் ஒரே மாடல் பிக்கப், ஒரே டர்போ. அவன் எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றியிருக்கிறான். வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும், எஞ்சின் காற்றை அதிகமாக இழுக்கும், அவ்வளவுதான் விஷயம். பதினொரு வருஷமாக சிப்காட் கேன்டீன்களுக்கு இந்த வண்டியில் மீன் போடுகிறேன். என்னை முந்த இவன் யார்? வயிறு எரிகிறது.

8 ஜூலை

அம்மாவுக்கு என் முகம் மறந்து ஒரு வருஷம் இருக்கும். வீட்டுக்குள் போனால், "யாரு தம்பி நீ, இன்னா வோணும்?" என்கிறாள். ஆனால் காலையில் பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், ஹாரன் அடிக்காமலே அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "நைனா அன்பு வந்துட்டான்." பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்ற காலத்தில் ஏறியதுபோலவே முன் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். தெருக்கோடிவரை ஒரு சுற்று போய் வந்து இறக்கினால்தான் நாஷ்டா. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் நான் அவளுக்கு மகன்.

"அந்த நேரம் அத்தைக்குப் பழகிடுச்சு" என்கிறாள் என் மனைவி புவனேஸ்வரி. இருக்கும்.

12 ஜூலை, சனி

மெக்கானிக் ஜோசப் அண்ணன் பட்டறைக்குப் போனேன். "சின்ன கேம் போட்டா கீழ் ஸ்பீடுல இழுவை கூடும், லோடு வண்டிக்கு அது போதும். பெரிசு போட்டா ஹைவேல பறக்கும். ஆனா ரெண்டு வால்வும் சேர்ந்து தொறந்துக்கினு இருக்கும், டர்போ தள்ற காத்து கொஞ்சம் வீணா சைலன்சர்ல பூடும். ஐட்லிங்கும் தடுமாறும் அன்பு, யோசிச்சிக்கோ."

தடுமாறட்டுமே. மதன் வண்டி சும்மா நிற்கும்போதே துள்ளுகிறது. டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கும் அது வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் இது என்ன ஆசை?

16 ஜூலை

பெரியதுதான். புதிதாக வாங்க வேண்டாமாம். என் வண்டியில் இருக்கும் கேம்ஷாஃப்டிலேயே வால்வைத் தள்ளும் மேடுகளைத் தேய்த்து வேறு வடிவமாக்கித் தர அம்பத்தூரில் ஆள் இருக்கிறார். நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் எதற்கு என்று இன்றே கழற்றிக் கொடுத்தாயிற்று.

20 ஜூலை

வண்டி இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை, கேன்டீன்களில் மீன் கிடையாது. வண்டியை ஹைவேயில் ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் கொஞ்சம் சோம்பல், மேலே போனதும் அப்படி ஓர் இழுவை. மதனைத் தேடிப் பிடித்து முந்தினேன். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

25 ஜூலை

வாசலில் நிறுத்தினேன். வண்டி துள்ளிக்கொண்டு நிற்கிறது. அம்மா வரவில்லை, குரல்தான் வந்தது. "எவன் வண்டி அது, வாசல அடைச்சிக்கினு நிக்குது? எடுக்கச் சொல்லு. எம் புள்ள அன்பு வர்ற நேரம்."

நான்தாம்மா. நான்தான் வந்துக்கீறேன். பக்கத்துல போய் கையப் புடிச்சிச் சொன்னேன் — உதறிட்டா.

வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா அன்னக்கூடையோடு வாசலுக்கு வந்தாள். எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

29 ஜூலை

அம்மா என்னை அடையாளம் கண்டது நேரத்தை வைத்து இல்லை, வண்டிச் சத்தத்தை வைத்து. பழைய கேம்ஷாஃப்டில் ஒரு மேடு தேய்ந்துபோனதால் ஐட்லிங்கில் ஒரு தட்டல் கேட்கும். சரிசெய்ய வேண்டும் என்று நானே எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன்.

2 ஆகஸ்ட்

பழையதையே திரும்பப் போடச் சொன்னேன். ஜோசப் அண்ணன் என்னையே பார்த்தார். "பழசு எங்க கீது? அதத்தான தேச்சோம்."

ஆமாம். நானேதான் கழற்றிக் கொடுத்தேன்.

9 ஆகஸ்ட், சனி

கம்பெனி அளவில் புது கேம்ஷாஃப்ட் போட்டாயிற்று. வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாள்போல் அமைதியாக நிற்கிறது. தட்டல் இல்லை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

13 ஆகஸ்ட்

வாசலுக்கு வந்து காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

காலையில் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அன்னக்கூடையோடு வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"தம்பி, பொன்னேரி மார்க்கெட்டு போவுமா?"

"போவும்மா."

"வாடகை இன்னா?"

"உங்களுக்கு வாடகை வாணாம். ஏறுங்க."

"ஓசில நான் ஏற மாட்டேன்." முந்தானை முடிச்சைத் தேடினாள். முடிச்சே இல்லை. "எம் புள்ள வருவான். வந்தா அவங்கிட்ட வாங்கிக்கோ."

"சரிம்மா. வாங்கிக்கிறேன்."

முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தெருக்கோடிவரை போய் வந்தோம். நாஷ்டா சாப்பிட்டாள்.

நாளைக்கும் இதே நேரத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.