ஐந்து கம்பெனி, ஒரே பத்திரிகை

மார்ச் 17, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுடுகிறது. கேஸ் புக் பண்ண வேண்டும். இவருக்குப் பிரஷர் மாத்திரை. மகள் ஜெனிக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் ஜெராக்ஸ்.

ஆபீஸில் வருடக் கடைசி மூலதனச் சான்றிதழ். விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிற கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று என் கையெழுத்து. உலகத்து வங்கிகளுக்கெல்லாம் ஒரே விதி: கொடுக்கிற கடனுக்குத் தக்கபடி வங்கி தன் சொந்தப் பணத்தைக் காப்பாக வைத்திருக்க வேண்டும். சின்னத் தொழிலுக்குக் கொடுத்தால் கொஞ்சம் போதும். பெரிய கடன் என்றால் கூடுதல். எங்கள் வங்கி வரம்பை ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் மேலதிகாரி டி.ஜி.எம்.: "முப்பத்தொண்ணு தாண்டிருச்சுன்னா போதுமுங்க மேடம்." ஒவ்வொரு மார்ச்சும் இதேதான் சொல்கிறார்.

மார்ச் 19, புதன்

சாயங்காலம் இவருடைய முதலாளி சம்சாரத்தோடு வீட்டுக்கு வந்தார். சிங்காநல்லூர் பம்பு கம்பெனிக்காரர். இவர் அங்கே இருபது வருட சூப்பர்வைசர். சித்திரையில் மகனுக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. "அம்மணி, முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க." காபி போட்டேன்.

போன பிறகு பத்திரிகையைப் படித்தேன். அழைப்பவர்கள் வரிசை: அவர், தம்பி, தம்பி சம்சாரம், மச்சான், மகன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு கம்பெனி. ஐந்தும் எங்கள் வங்கியில் தனித்தனியாகக் கடன் வாங்கியவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று ஃபைலில் எழுதியிருக்கிறது. அதனால் ஐந்தும் சின்னத் தொழில் கணக்கில். சேர்த்தால் ஒரே குடும்பம், ஒரே பெரிய கடன். வங்கி வரம்புக்குக் கீழே போய்விடும். பத்திரிகையைக் கைப்பையில் வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

டி.ஜி.எம்.மிடம் பத்திரிகையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்யாணப் பத்திரிகையெல்லாம் டாக்குமென்ட் ஆகுமுங்களா மேடம்?"

"அவுங்களே அச்சடிச்சதுங்க சார்."

"சேர்த்தா அவுங்க லோன் ரினீவல் நின்னுபோயிருமுங்க. உங்க ஊட்டுக்காரரு அங்கதானுங்களே இருக்காரு? நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நீங்களே பாத்துக்கோங்க."

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை மிரட்டியதில்லை.

மார்ச் 22, சனி

தலைவலி. நேற்று கோயிலில் சிலுவைப்பாதை. முழங்கால் போட்டேன், ஒரு வார்த்தைகூட ஜெபம் வரவில்லை. எழுதினால் இவர் வேலை போகும். எழுதாவிட்டால் பொய்ச் சான்றிதழ். பிடிபட்டால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவள். வாடிக்கையாளர் விஷயத்தை வீட்டில் வாய் திறக்கவும் கூடாது. வருஷா வருஷம் ஆபீஸில் எல்லோருக்கும் அதை வகுப்பெடுப்பதே நான்தான்.

மதியம் இவருக்கு மதுக்கரையிலிருந்து போன். ஒரு மெஷின் ஷாப்பில் மேனேஜர் வேலை, திங்களே வரச் சொல்கிறார்கள். இவர் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, இங்க லோன் வந்ததும் புது லைன் போடறாங்க, எங்கிட்டத்தான் குடுக்கறாங்க" என்றார். பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு பார்த்தால், இலையைக் குப்பையிலும் காம்பைச் சட்டியிலும் போட்டிருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

வருஷா வருஷம் நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் படிவங்களைத் தேடி எடுத்தேன். அதில் ஒரு கேள்வி: வங்கியில் கடன் பெற்ற நிறுவனத்தில் நெருங்கிய உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா? நான் இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருடமும் 'இல்லை'. போன வருடத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடித்திருக்கிறேன். அடுத்தவன் ஃபைலில் ஓட்டை தேடுகிற மகராசி. பத்திரிகை எப்படிக் கைக்கு வந்தது என்று எழுதினால் இதையும் எழுத வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மார்ச் 26, புதன்

எழுதிவிட்டேன். ஐந்து கம்பெனியும் ஒரே குடும்பத்தினுடையவை என்று ஒரு குறிப்பு. என் ஒன்பது வருடப் பொய்க்கு இன்னொன்று. 11.40க்கு இரண்டையும் ரிஸ்க் கமிட்டிக்கு அனுப்பினேன். சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை.

3 மணி: பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. 4 மணி: ஹெச்.ஆர். கடிதம். விளக்கம் தரும்வரை ஆபீஸுக்கு வர வேண்டாமாம். டி.ஜி.எம். எதுவுமே நடக்காத மாதிரி "வாரேனுங்க மேடம்" என்று லிஃப்டில் ஏறினார். நான் படியில் இறங்கினேன். இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அழுதேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளையிலிருந்து லீவு என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

மதியம் இரண்டுக்கு இவர் வண்டிச் சத்தம். வேலை நாளில் இந்நேரம் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார். முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாராம்: "லோனு நின்னுபோச்சுங்க. பேங்கில எழுதிப் போட்டது உங்க ஊட்டம்மான்னு சொன்னாங்க. உங்க மேல வருத்தமில்லீங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. கல்யாணத்துக்கு மட்டும் மறக்காம வந்துருங்க."

சோறு போட்டேன். ரசம் ஊற்றிப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும் அம்மணி?"

"அவுங்க பத்திரிகை வெச்ச புதன்லிருந்து தெரியுமுங்க."

புதன், வியாழன், வெள்ளி என்று விரல் மடக்கினார். மதுக்கரை போன் வந்த சனியில் விரல் நின்றது. பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய் என்றுகூட அவர் கேட்கவில்லை.