முகம் தெரியாதவர்களோடு கேட்ட ஏலம்

டிசம்பர் 4, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மைதானம் முழுக்கத் தண்ணீர், அதனால் பிரேயர் இல்லை. வேதியியல் ரெக்கார்டில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள்.

இதை எழுதுவது அந்த ரெக்கார்டின் பின்பக்கத்தில்தான். எல்லோரும் தூங்கிய பிறகு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நைனாவுக்கு பஸ் போர்டு படிக்க வரும், கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். ஒளித்து வைக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கிறேன்.

எழுதிவிட்டால் தூக்கம் வருமா பார்க்கலாம்.

நைனாவுக்குப் புளியமரக் குத்தகை. ரோட்டோரப் புளியமரங்களை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அந்த வருஷக் காயை உலுக்கி விற்றுக்கொள்ளலாம். திருமுக்கூடல் போகும் ரோட்டில் பெரிய பகுதி, எழுபத்திரண்டு மரம், ஆறு வருஷமாக நைனாவிடம். இந்த வருஷ ஏலம் 11ஆம் தேதி. அதில் உட்கார இருபதாயிரம் ரூபாய் டெபாசிட், டி.டி.யாகத் தர வேண்டும். நைனாவின் கணக்கில் 20,600 இருந்தது.

இருந்தது.

ஏ.டி.எம். கார்டு என்னிடம்தான் இருக்கும். நைனாவுக்கு அந்த மெஷினைத் தொடக் கூச்சம். "பாப்பா, அதுங்கிட்ட பேச உனக்குத்தான் தெரியும்" என்பார்.

இன்று அவருக்காக இருநூறு எடுத்தேன். சீட்டில் மீதி 13,661.

நான் எடுத்தது மூவாயிரம். அது எனக்குத் தெரியும். அதற்கு மேல் மூவாயிரத்து எழுநூறு எங்கே போனது? மெஷின் முன்னால் நின்றபடி மூன்று தடவை கழித்துப் பார்த்தேன். பின்னால் நின்ற ஆள், "இன்னாம்மா, மெஷினுக்கே பாடம் எடுக்கறியா?" என்றார். சீட்டை மென்று துப்பிவிட்டேன்.

டிசம்பர் 5, சனி

மழை இல்லை. வானம் மோடம் போட்டிருக்கிறது. வாய் கசக்கிறது.

எப்படி ஆரம்பித்தது என்று எழுத வேண்டும். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஐம்பத்திரண்டு பேருக்கு ஓடுகிற கம்ப்யூட்டர் ஆறு. என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பிரவுசிங் சென்டரில் பிராக்டிகல் செய்து பார்ப்பேன். ஒரு மணிக்கு இருபது ரூபாய். போன மாதம் அங்கே ஒரு விளம்பரம். லேப்டாப், 312 ரூபாய்க்கு ஏலம் போனது என்று. எடுத்தவர் படத்தோடு. கூடப் படிக்கும் சுமதிதான் பக்கத்தில் இருந்தாள்.

"ஏய், முந்நூறு ரூவாடி. என் சுடிதாரே அதுக்கு மேல."

"பொய்யா இருக்கும்."

"உங்க நைனா ஏலத்துல புலின்னு சொல்லுவியே. நீ கேளேன்."

முறை இதுதான். முதலில் கிளிக் வாங்க வேண்டும். ஒரு கிளிக் பத்து ரூபாய். ஒரு தடவை கிளிக் செய்தால் பொருளின் விலை பத்துப் பைசா ஏறும். கடிகாரம் முடியும்போது கடைசியாகக் கிளிக் செய்தவருக்குப் பொருள்.

ஐந்நூறு ரூபாய்க்கு ஐம்பது கிளிக் வாங்கினேன். சென்டர் அண்ணன்தான் கார்டில் உள்ள நம்பர்களைத் தட்டிக் கொடுத்தார்.

நான் திருடுகிறேன் என்று நினைக்கவில்லை. சத்தியமாக. ஒரு வருஷம் புளியமர ஏலத்துக்கு நானும் போயிருக்கிறேன். ஏலம் முடிந்ததும் எடுக்காதவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டெபாசிட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஏரி மீன் ஏலத்திலும் அப்படித்தான். ஜெயித்தவர் பணம் கட்டுவார், தோற்றவர் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். வேறு மாதிரி ஏலம் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோற்றால் ஐந்நூறும் கணக்குக்குத் திரும்பி வரும், ஜெயித்தால் லேப்டாப். நைனாவுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நைனா கடைசி வரை வாயைத் திறக்க மாட்டார். நானும் கடைசி இரண்டு விநாடி வரை காத்திருந்து கிளிக் செய்தேன். கடிகாரம் மறுபடி பதினைந்துக்குப் போனது. இன்னொருத்தர் கிளிக். மறுபடி பதினைந்து. ஒன்றரை மணி நேரம் அந்தப் பதினைந்து விநாடி முடியவே இல்லை. சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று இன்னொரு ஆயிரம். மறு வாரம் ஆயிரத்து ஐந்நூறு.

லேப்டாப் எனக்கு வரவில்லை. ஒரு பென் டிரைவ் மட்டும் ஜெயித்தேன், ஏழு ரூபாய் நாற்பது பைசாவுக்கு. அதை அனுப்பும் செலவு 590 என்றது. வெளியில் கடையில் அது முந்நூறு. வேண்டாம் என்று விட்டேன்.

பணம் திரும்பி வரும் என்று தினமும் பார்த்தேன்.

டிசம்பர் 7, திங்கள்

மழை. பஸ் லேட். முதல் பீரியட் போச்சு.

சாயங்காலம் நைனா மரம் பார்த்துவிட்டு வந்தார். இந்த மாதம் முழுக்க அதுதான் வேலை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு மரத்துக்குக் கீழேயும் அண்ணாந்து பார்ப்பது. கழுத்து வலி. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். "நாப்பத்தெட்டாம் நம்பர் இந்த வருசம் கொத்துக் கொத்தா புடிச்சிகீது" என்று பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னார். வாலாஜாபாத்காரர் ஒருவர் பெரிய பகுதிக்குப் போட்டி போட வருகிறாராம். நைனாவுக்கு அது பற்றிக் கவலை இல்லை. "வரட்டும். அவன் காதைத் தடவுனா காசு தீந்துச்சின்னு அர்த்தம்."

அப்புறம் பாஸ் புக்கை எடுத்து நீட்டினார்.

"படி பாப்பா. எவ்ளோ கீது?"

அதில் அக்டோபரோடு அச்சு நிற்கிறது. கடைசி வரி 20,600. அதைப் படித்தேன்.

"புதங்கிழமை டி.டி. எடுத்துட்றேன். கமிசன் போக கொஞ்சம் மிஞ்சும். உனக்கு இன்னா வோணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அச்சில் இருந்ததைத்தான் படித்தேன். பொய் இல்லை. பொய்தான்.

டிசம்பர் 8, செவ்வாய்

தலைவலி. கணக்கு டெஸ்ட், 50க்கு 19. மிஸ், "உனக்கு இன்னா ஆச்சி?" என்று மட்டும் கேட்டார்கள். திட்டியிருக்கலாம்.

நாலரைக்கு பிரவுசிங் சென்டர். பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த ஏலக் கம்பெனிக்கு எழுதிய மெயிலுக்குப் பதில் வந்திருந்தது. பெயர் எழுதி அன்புடன் ஆரம்பித்து, பயன்படுத்திய கிளிக்குகளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது, விதிகளைப் பார்க்கவும் என்று முடிகிறது. விதிகளைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்து. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். அதிகப்படியாகப் போன பணத்துக்கு அங்கேதான் விடை.

- பதிவு செய்ததும் ஏழு நாள் இலவச உறுப்பினர். நானே "வேண்டாம்" என்று நிறுத்தாவிட்டால் எட்டாம் நாள் அதுவாக 3,499.
- வெளிநாட்டுப் பணமாக மாற்றிய கட்டணம், எல்லாத் தடவைக்கும் சேர்த்து 240.
- அடுத்த மாதமும் உறுப்பினர் பணம் எடுப்பார்கள். அதற்கு அடுத்த மாதமும்.

நான் எதற்கும் சம்மதம் சொல்லவில்லையே என்று பார்த்தால், சொல்லியிருக்கிறேன். ஒரு சின்னக் கட்டத்தில் டிக். அது முதலிலேயே போட்டிருந்தது. நான் எடுத்துவிடவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. 312 ரூபாய்க்குப் போன லேப்டாப்பின் விலை பத்துப் பத்துப் பைசாவாகத்தான் ஏறியிருக்கும். அப்படியானால் 3,120 கிளிக். ஒன்று பத்து ரூபாய். கேட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து கிளிக்குக்கே 31,200 கொடுத்திருக்கிறார்கள். கடையில் அந்த லேப்டாப்பே அவ்வளவு இருக்காது. டெஸ்டில் வராத கணக்கு இங்கே உடனே வருகிறது.

அண்ணனிடம் கேட்டேன்.

"ஏங்கண்ணா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நான் மெசின் வாடகைக்கு வுடறவன் தங்கச்சி. நானே அதுல செல்போன் கேட்டு ரெண்டாயிரம் வுட்டேன்."

"அப்புறம் ஏன் எனக்குத் தட்டிக் குடுத்தீங்க?"

அவர் ஃபேனைப் பார்த்தார். "உனக்காவது வுழுவும்னு நெனச்சேன்" என்றார். இருபது ரூபாய் வாங்கிக்கொள்ளவில்லை.

நாளை புதன். டி.டி. காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும். எனக்கு வந்து என்ன பிரயோசனம், பாங்குக்குக் காய்ச்சல் வர வேண்டும்.

டிசம்பர் 9, புதன்

பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்று வலி என்றேன். உண்மையாகவே வலித்தது.

இரண்டு மணிக்கு நைனா வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்தார், அது விழுந்தது, தூக்கவில்லை.

"பதிமூணாயிரம்தான் கீதாம். பாங்குல அந்தப் பொம்பள சொல்றா. நான் இன்னா குடிச்சிட்டா போய்க்கினேன்?"

அம்மா, "வேற யார் கணக்கையாவது பாத்திருப்பா" என்றாள்.

"மூணு தபா பாக்கச் சொன்னேன். ஏதோ இங்கிலீஷ் பேரைக் காட்டுறா. புதுசா வந்துகீது, சின்னப் பொண்ணு. நீதான் என் காசை எடுத்துகினியான்னு கேட்டுட்டேன். எல்லார் எதிர்லயும். அழுவுது. அழுவட்டும். நாளைக்கு மேனேஜர் வர்றாராம், எழுதிக் குடுக்கப் போறேன். பாப்பா, பேப்பர் எடு. நீ எழுது."

பேப்பர் எடுத்தேன். "மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு" வரை எழுதினேன். அந்த அக்காவை எனக்குத் தெரியும். ஒரு தடவை ஃபாரத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்று வேறு ஃபாரம் கொடுத்து, தன் பேனாவையும் கொடுத்தாள்.

"எழுது. பேரு கேட்டுகினு வந்துகீறேன். பேர் போட்டே எழுது."

பேனா போகவில்லை.

"அவங்க எடுக்கல நைனா. நான்."

எல்லாம் சொன்னேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை, பின்னாலிருந்து முன்னால் சொன்னேன். அம்மா முதுகில் இரண்டு போட்டாள். "படிக்கற பொண்ணு படிக்கற பொண்ணுன்னு கார்டைத் தூக்கிக் குடுத்தியே" என்று அவரையும் சேர்த்துத் திட்டினாள். நைனா கை ஓங்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"ஏலம் எங்க நடந்துச்சி?"

"கம்ப்யூட்டர்ல."

"எத்தினி பேர் கேட்டாங்க?"

"தெரியாது. பேர் மட்டும்தான் வரும்."

"மூஞ்சி?"

"மூஞ்சி வராது."

"மூஞ்சியே தெரியாதவங்கிட்ட எப்டி ஏலம் கேட்ட? எதிர்ல கீறவன் எச்சி முழுங்கறதைப் பாத்துத்தான நான் வாயைத் தொறக்கறேன். ஆளு கீறானா, இல்ல மெசினே கேக்குதான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

"தோத்தா திரும்பி வரும்னு நெனச்சேன். உனக்கு வருமே நைனா."

அவர் எழுந்து போய்க் கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

டிசம்பர் 10, வியாழன்

வெயில். ஒரு வாரம் கழித்து.

நைனா என்னோடு பேசவில்லை. காலையில் சைக்கிள் கேரியரைக் கையால் தட்டினார், ஏறிக்கொண்டேன்.

பாங்கில் கூட்டம். நேராக அந்த அக்காவின் கவுண்டருக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி, "அம்மா, நேத்து நான் பேசுனது தப்பு. எம் பொண்ணுதான் எடுத்துகீது. மன்னிச்சிக்கோ" என்றார். எனக்குத் தரையில் ஓட்டை இருந்தால் போதும் என்றிருந்தது. அக்கா தலையை ஆட்டினாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "எந்த வெப்சைட்மா?" என்று மட்டும் கேட்டாள்.

கார்டை நிறுத்த ஒரு ஃபாரம். நான் எழுதினேன், நைனா கையெழுத்து. அக்கா கார்டை வாங்கிக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினாள். இனி யாரும் எடுக்க முடியாது என்றாள். போனது வருமா என்று கேட்டேன். "வெளிநாட்டுக் கம்பெனி. எழுதிப் போடலாம். நம்பிக்கையா சொல்ல முடியாதும்மா."

அம்மா நேற்றே கம்மலைக் கழற்றி வைத்திருந்தாள். அடகு வைத்தால் இருபதாயிரத்துக்குச் சரியாகிவிடும். நைனா வாங்கவில்லை. "கடன் காசு மேல குந்திகினு ஏலம் கேட்டா எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. ஒரு வருசம் பட்டுட்டேன். போதும்." எட்டாயிரத்துக்கு டி.டி. எடுத்தார். அது வாலாஜாபாத் ரோட்டுச் சின்னப் பகுதிக்கான டெபாசிட். பத்தொன்பது மரம். கிழட்டு மரங்கள். நாற்பத்தெட்டாம் நம்பர் நாளை யாருக்கோ.

சாயங்காலம் படிக்க உட்கார்ந்தேன். இயற்பியல், இரண்டாம் பாடம். ஒரு வரியும் ஏறவில்லை. நைனா ஏல அறிவிப்புக் காகிதத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். வருஷா வருஷம் ஆபீசில் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். காகிதத்தை என் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"படி."

நேற்றிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

தலைப்பு, தேதி, மரங்களின் எண், டெபாசிட் தொகை, எல்லாம் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கையெழுத்துக் கோடு வந்ததும் நிறுத்தினேன்.

"அதுக்குக் கீழ?"

கீழே பொடி எழுத்து. நிபந்தனைகள். முதல் ஐந்தும் பரவாயில்லை. ஆறாவது, சாலை அகலப்படுத்துவதற்காக மரங்கள் வெட்டப்பட நேரிட்டால் குத்தகைத் தொகையைத் திரும்பக் கோர இயலாது. இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"வாலாஜாபாத் ரோட்டுல போன மாசம் அளந்துகினு இருந்தானுங்க" என்றார். என்னிடம் இல்லை, அம்மாவிடமும் இல்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கீழ இன்னும் கீதா?"

"கீது நைனா. ஒரு பக்கம்."

"படி."