ஷட்டவுன் மிஸ்ஸுக்கு

மிஸ்,

இன்றைக்குக் காலையில் கரண்ட் போனது. அம்மையார்குப்பத்தில் எங்கள் தெருவின் விசைத்தறிகள் மொத்தமும் ஒரே நொடியில் அடங்கின. பக்கத்து வீட்டுக்காரர் ஈ.பி.க்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். என் மகள் லாவண்யா மட்டும் ஓடிப்போய், ஆணியில் தொங்கிய பையிலிருந்து காது மிஷினை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உங்கள் ஸ்கூட்டி திரும்பும் தெருமுனையைத்தான் பார்த்தாள். நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று சைகையில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தெரியும் என்று தலையாட்டுவாள். ஆனாலும் கரண்ட் போனால் அங்கேதான் போய் உட்காருகிறாள்.

முதல் நாள் நீங்கள் வந்ததே என்னோடு சண்டை போடத்தானே? காது கேளாத பிள்ளைகளுக்காக ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பள்ளிகளையெல்லாம் ஒற்றை ஆளாகச் சுற்றும் சிறப்பாசிரியை. என்னைவிடச் சின்னவர். வந்ததும் வராததுமாகக் கேட்டீர்கள்: "ஏன்க்கா, கவர்மென்ட்ல குடுத்த மிஷினைப் பைக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்க? பெத்த பொண்ணு மேல அக்கறை இல்லையா?"

எனக்கு வந்ததே கோபம்! "இன்னா மிஸ் பேசறீங்க? மாட்டினா புடுங்கிப் போட்டுட்டு அழுவுறா. நீங்களே மாட்டிகினு எங்க வீட்டுக்குள்ள நில்லுங்க, பார்ப்போம்" என்று உங்கள் கையில் திணித்தேன். குழந்தையின் காதுக்கு எடுத்த அச்சு உங்கள் காதில் பொருந்தவில்லை. விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடும் தறிகளுக்கு நடுவே போய் நின்றீர்கள். தறிச் சத்தத்தை அந்த மிஷின் பல மடங்காக்கியதில், போன வேகத்தில் தெருவுக்கு ஓடி வந்தீர்கள். "ஐயோ அக்கா, இதையா அந்தக் குழந்தை தாங்கிச்சு?" என்று கேட்டபோது உங்கள் கண்ணெல்லாம் தண்ணீர். அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் அதட்டியதில்லை.

தறி நின்றால் எங்களுக்குச் சோறில்லை, தறி ஓடினால் அவளுக்குக் காதில்லை. பள்ளிக்கூடத்திலோ ஒரே டீச்சருக்கு இரண்டு வகுப்பு. அங்கே இருக்கும் இரைச்சலைக் கேட்கவே வேண்டாம். நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். பராமரிப்புக்காக ஷட்டவுன் என்று ஈ.பி.யில் சொன்ன நாளெல்லாம் எப்படியாவது இந்தப் பக்கம் வந்துவிடுவீர்கள். பிழைப்புப் போச்சே என்று தெருவே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் மட்டும் கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டு இறங்குவீர்கள். "ஷட்டவுன் மிஸ் வந்துட்டாங்கடி!" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். "பேரு நல்லாதான இருக்கு" என்பீர்கள்.

ஆடிக் கிருத்திகைக்குத் தெருவே காவடியோடு திருத்தணி மலைக்குக் கிளம்பி, தறியெல்லாம் நின்றிருந்த நாளை எப்படி மறப்பேன்? உங்களுக்கும் அன்று லீவுதான். தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல் வந்தீர்கள். லாவண்யாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அவள் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டீர்கள், மறுபடியும் கூப்பிட்டீர்கள். "விடுங்க மிஸ், முருகன் விட்ட வழி" என்று நானே சலித்துக்கொண்டேன்.

"கூப்பிடறவங்க களைச்சுப் போனா, கேக்கறவ எப்படிக்கா கேப்பா?"

அடுத்த முறை திரும்பினாள். திரும்பி உங்களைப் பார்த்துச் சிரித்தாள். நானும் என் வீட்டுக்காரரும் அழுத அழுகை மலைக்கே கேட்டிருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் அப்பாவை 'நைனா' என்று கூப்பிடவும் பழகினாள்.

அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. வேறு ஒன்றியத்து மிஸ் ஒருவர் எப்போதாவது எட்டிப் பார்க்கிறார். பாவம், அவர் ஒன்றியத்துப் பிள்ளைகளையே அவரால் சுற்றி முடிக்க முடியவில்லை.

போன வாரம் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். தறிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது: "தப்பா நினைக்காதம்மா. சொல்லிக் குடுக்க ஆளில்லாம இவளைச் சும்மா உக்கார வெச்சிருக்கறது எனக்கே மனசு கேக்கல. ஹாஸ்டலோட இருக்கற காது கேளாதவங்க பள்ளியில சேர்த்துடலாமா?"

அது நல்ல பள்ளியாகவே இருக்கலாம் மிஸ். ஆனால் இப்போதுதான் நைனா என்று வாய் திறந்தவளை எப்படி அவ்வளவு தூரம் அனுப்புவேன்? என் வீட்டுக்காரர் எழுந்து எங்கள் தறியை நிறுத்தினார். அக்கம்பக்கத்தில் போய்க் கெஞ்சினார். "அஞ்சு நிமிஷம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரும் நிறுத்தினார்.

லாவண்யாவுக்கு மிஷினை மாட்டிவிட்டேன். ஹெட்மாஸ்டர் அவள் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தபா சார். கூப்பிடறவங்க களைச்சுப் போவக்கூடாது."

திரும்பினாள். "மிஸ்?" என்றாள். அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். அவரும் திரும்பி வெறும் தெருவைப் பார்த்தார். பிறகு, "முழுப்பரீட்சை வரைக்கும் இங்கயே இருக்கட்டும்மா. அப்புறம் பார்ப்போம். நானும் ஆள் கேட்டுகினேதான் இருக்கேன்" என்றார்.

அதனால்தான் இன்று காலை நானே வாசற்படியில் அவள் பின்னால் உட்கார்ந்தேன். உங்கள் பொறுமை எனக்கு ஏது? இருந்தும் கூப்பிட்டேன். சில முறை திரும்பினாள், சில முறை இல்லை. எவ்வளவு நேரம் போனதோ, தண்ணீர் குடிக்க உள்ளே போனால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது! கரண்ட் எப்போதோ வந்துவிட்டது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன். காலையில் அத்தனை திட்டுத் திட்டிய மனுஷன் தறி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஆங், நீ கூப்பிடும்மா. நாங்க அப்புறம் ஓட்டிக்கறோம்" என்றார்.