ஓரகத்தியின் கணினி இரைவதில்லை

மார்ச் 3, செவ்வாய்

நாவல் வாசிக்க மாதிரிக் குரல் அனுப்பியிருந்தேன். திரும்பி வந்துவிட்டது. ஒலிப்புத்தகம் தயாரிக்கிற அம்மா போனில் சொன்னார்: "குரலுக்குப் பின்னாடி என்னமோ இரைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. அதைச் சரிபண்ணி இன்னொரு தடவை அனுப்புங்க."

என்னமோ என்ன, மேசைக்கடியில் இருக்கும் என் கணினியின் விசிறிதான். அதே நாவலுக்கு ஓரகத்தியும் அனுப்பியிருக்கிறாள். ஒரே வீடு, அடுத்தடுத்த அறை, ஒரே மாதிரி மைக். அவளுடையது மட்டும் திரும்பி வரவில்லை.

மார்ச் 4

கத்தரிக்கோல் கேட்கிற சாக்கில் அவள் அறைக்குப் போனேன். கணினி ஓடுகிறது, ஆனால் மூச்சுச் சத்தம்கூட இல்லை!

"உன் வீட்டுக்காரர்தான் பெரிய விசிறியா மாத்திக் குடுத்தார். பெருசுன்னா மெதுவாச் சுத்தினாலே போதுமாம்" என்றாள், சிரித்துக்கொண்டே.

என் வீட்டுக்காரர்! சாயங்காலம் பிடித்துக்கொண்டேன். "அண்ணி கேட்டாங்க, செஞ்சேன். நீ கேட்டியா?" என்கிறார். கேட்க வேறு வேண்டுமா? தினமும் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்?

மார்ச் 5

கேட்கமாட்டேன். செத்தாலும் கேட்கமாட்டேன்.

மார்ச் 7, சனி

நானே செய்தேன். பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை வெட்டி, கணினிப் பெட்டியில் இருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தேன். கொஞ்ச நேரம் அமைதி. அவளைவிடக் கெட்டிக்காரி நான் என்று நினைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அத்தியாயம் பாதிகூட வரவில்லை, காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி சூடேறி, விசிறி முன்னைவிடப் பேயாய்க் கத்தியது. கடைசியில் கணினி தானாக அணைந்தது. பதிவு செய்த அத்தனையும் போச்சு.

ஓரகத்தி எட்டிப் பார்த்து, "என்னடி, எரியற வாசனை வருது?" என்றாள். என் வயிறுதான் என்று சொல்லவில்லை.

மார்ச் 8

நான் கேட்காமலே என் வீட்டுக்காரர் ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுத்தார். வாய் சும்மா இருக்குமா? "மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா அது எப்படி ஓடும்?"

பெட்டியைத் திறந்தால் விசிறி இறக்கையெல்லாம் தூசி அப்பிக் கிடந்தது. பிரஷ்ஷால் துடைத்தார். விசிறி அதிர்ந்து பெட்டியும் சேர்ந்து இரையாமலிருக்க, ஸ்குரூவுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டார். பிறகு கணினியில் ஏதோ மாற்றினார். இனிமேல் சூடு ஏறினால்தான் வேகமாகச் சுற்றுமாம். நான் டார்ச் பிடித்தேன்.

"அவங்களுக்குச் செய்யும்போது யார் டார்ச் பிடிச்சா?"

"அண்ணன்."

ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மார்ச் 10

அந்த அத்தியாயத்தை முழுதாக வாசித்து அனுப்பிவிட்டேன். இரைச்சல் துளியும் இல்லை. இனி யார் என்ன குறை சொல்லிவிட முடியும்?

மார்ச் 13

சொல்லிவிட்டார்கள். "இப்ப சுத்தமா இருக்கும்மா. ஆனா நீங்க பாட்டுக்குப் படிச்சிட்டுப் போறீங்க. யார் கோவமாப் பேசறா, யார் அழறான்னே தெரியல. உங்க ஓரகத்தியே வாசிக்கட்டும்."

இவ்வளவு நாளும் பழி போட ஒரு விசிறியாவது இருந்தது. அதையும் நானே டார்ச் அடித்து ஒழித்துக்கட்டினேன். அழுதேன். அவள் நல்லா இருக்கட்டும் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை — வரவே இல்லை.

மார்ச் 14, சனி

கணினியைப் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல். நாவலில், ஓடிப்போன மகனுக்குத் தாய் கதவைத் திறக்கும் இடம். "வந்துட்டியா?" நிறுத்தினாள். "வந்துட்டியா?" இந்த முறை கோபமாக. தொண்டையைச் செருமினாள். மறுபடியும், பயந்த மாதிரி. மறுபடியும், அழுகையை விழுங்கின மாதிரி. அந்த ஒரே சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தாள்.

இத்தனை நாளும் இப்படித்தானா? என் அறை இரைச்சலில் எனக்குக் கேட்டதே இல்லை. நான் அந்த இடத்தை ஒரே மூச்சில் வாசித்துத் தாண்டியவள்.

பொறாமை தீர்ந்ததா? எங்கே, கூடித்தான் இருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டு, அவளுக்குக் கேட்டுவிடாமல் சொல்லிப் பார்த்தேன். "வந்துட்டியா?"

நன்றாயில்லை. மறுபடி சொன்னேன்.