பொன்மலையில் நான் சொன்னது

1936 ஜனவரி 31, வெள்ளி

பவுனம்மாள் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்ததிலிருந்து பதினான்கு மாதமாக ஒரே அறையில் இருக்கிறோம், இப்போதுதான் கூப்பிடுகிறாள். அவள் அப்பா ராசப்பன் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்.

"பொம்பளைங்க வார்டுல மட்டுந்தான் வேலைன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன் மயிலு. உன்னைப் பார்த்தா அவங்களுக்கும் தைரியம் வரும்" என்றாள். சரி என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பொன்மலையில் எல்லா வீடும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரே ஓடு, ஒரே கதவு. நம்பரைப் பார்க்காமல் போனால் அடுத்தவர் அடுப்படிக்குள் நுழைந்துவிடலாம்.

அவள் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க கண்ணு, எலும்பா இருக்கியே" என்று என் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். என் அம்மா போய் ஒன்பது வருஷம். அதில்தான் இளகிப்போனேன்.

"பவுனு வேலையெல்லாம் ஒழுங்காச் செய்யுதா?" என்று கேட்டார். புகழ்ந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. மண்ணச்சநல்லூர் மில் ஒன்றில் நெல் அவிக்கிற கொதிநீர் கொட்டி, தொடை வரை வெந்துபோய் வந்த ராமர் என்ற கூலியாளைப் பற்றிச் சொன்னேன். மற்றவர்கள் கிட்டே போகவே தயங்கியபோது பன்னிரண்டு நாளும் புண்ணைக் கழுவிக் கட்டியவள் பவுனம்மாள்தான் என்று —

பாதியிலேயே தெரிந்துவிட்டது. பவுனம்மாள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ராசப்பன் ஐயா எழுந்து கை கழுவினார்.

"ஆம்பளைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஜட்கா வண்டியில் நான் மட்டும் திரும்பினேன். அவளை அனுப்பவில்லை.

பிப்ரவரி 4

அவள் கட்டில் காலி. உடம்பு சரியில்லை என்று மேட்ரனிடம் சொன்னேன். இன்னிக்கு இவ்வளவு சுலபமா வர்ற பொய் அன்னிக்கு எங்கே போச்சு?

பிப்ரவரி 6, வியாழன்

பதினேழாம் தேதிக்குள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவாராம் மேட்ரன்.

தெரிந்துதான் சொன்னேனா? அவளுக்கு அம்மா இருக்கிறாரே என்ற பொறாமையா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தனியாகப் பொன்மலைக்குப் போனேன். தெருவைத் தவறவிட்டு வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டினேன். கடைசியில் சரியான கதவைத் தட்டினால் ராசப்பன் ஐயாவே திறந்தார்.

"லால்குடியில மாப்பிள்ளை பேசிட்டிருக்கோம். இனிமே அவளுக்கு அங்க ஒண்ணும் இல்லம்மா. போயிட்டு வாங்க." கதவைச் சாத்திவிட்டார்.

தெருக்குழாயடி வரை வந்திருப்பேன். பின்னாலேயே அவள் அம்மா குடத்தோடு வந்தார்.

"நான் சொன்னது பொய்யில்லம்மா. ஆனா சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அழுதுவிட்டேன். அவர் குழாயைத் திறந்து குடத்தை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அந்த ஆளு பொழைச்சானா?"

"பொழைச்சிட்டாரும்மா. போன வாரம் பொண்டாட்டி கையைப் புடிச்சுக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாரு."

குடம் வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"பன்னண்டு நாளும் இவளேதானா?"

"இவளேதாம்மா."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 13

ஒரு தகவலும் இல்லை. இன்று போட்ட கட்டுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. இரண்டு முறை அவிழ்த்துக் கட்டச் சொன்னார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் பவுனம்மாளை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேட்ரன் அறை வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"லால்குடிக்கு நானே ஆள் அனுப்பி வேண்டாம்னுட்டேன். அவரு இவகிட்டயும் பேசல, எங்கிட்டயும் பேசல. பேசும்போது பேசட்டும்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அவள் கட்டிலைத் தட்டி விரித்தேன். பவுனம்மாள் வந்தாள். உட்காரவில்லை.

"கோடி ரூம்ல ஒரு இடம் காலியா இருக்கு மயிலு. மேட்ரன்கிட்ட கேட்டேன். சரின்னுட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அவளுடைய டிரங்குப் பெட்டி கனம். ஒரு பக்கம் நான் பிடித்தேன்; வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவருமாக வராந்தாவின் கோடி வரை தூக்கிப் போனோம். பெட்டியைக் கீழே வைத்ததும் என்னைப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றாள்.

பதினான்கு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.