தண்ணீர் வழியைக் காட்டியவன்

அண்ணை,

உங்கள் மனைவி நேற்று உங்கள் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகியும் அதில் உங்கள் புகையிலை மணம் அப்படியே இருக்கிறது. ஸ்பானர்களுக்கு அடியில், பழைய துவாய்த் துண்டில் சுற்றியபடி ஒரு செப்புக் குழாய்த் துண்டு கிடந்தது. ஒரு முனையில் மூடி வைத்து ஈயம் பற்றவைத்திருந்தது. "குப்பையோ, எறியட்டோ?" என்று கேட்டார். எறிய வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். பற்றவைத்த இடத்தின் இடப்பக்கத்தில் ஈயம் வால்போல் வழிந்து நின்றது. சூட்டோடு ஈரத்துணியால் இடக்கையால் துடைக்கிறவன் நான். "உன்ர பற்றுக்கு வால் முளைச்சிருக்கு, எந்த வீட்டிலையும் கண்டுபிடிப்பன்" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பீர்கள்!

நீங்கள் குர்து மலைக்காரர், நான் யாழ்ப்பாணத்தான். இருவரும் ஜேர்மனியில் சில காலம் இருந்து லண்டனுக்கு வந்தவர்கள். மோர்டனிலிருந்து நோர்பரிவரை ஒரே வான் வண்டியில் பதினொரு வருடம் குழாய் வேலை செய்தோம். பேசியது பாதி ஜேர்மன், பாதி இங்கிலீஷ். இப்போது நினைக்கும்போது உங்கள் குரல் என் தமிழிலேதான் கேட்கிறது.

எந்த வீட்டுக்குள் போனாலும் நீங்கள் முதலில் கேட்பது, தண்ணீரை எங்கே அடைப்பது என்பதுதான். உங்கள் ஊர்க் கோட்டைகளைப் பற்றிப் பேசினாலும் அதே கேள்விதான். "சுவர் எவ்வளவு உயரமெண்டு படமெடுக்க வாறவன் கேட்பான். தண்ணி எங்காலை வருகுதெண்டு நாங்கள் கேட்க வேணும்" என்பீர்கள். பித்லிஸ், போத்தான், ஹக்காரி, சோரான், பாபான், அர்தலான் என்று உங்கள் பழைய சிற்றரசுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவீர்கள். பெருமையாகச் சொன்னதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு பக்கம் துருக்கிச் சுல்தான், மறுபக்கம் பாரசீக ஷா, நடுவில் மலைக்கு ஒரு மீர், அதுதான் உங்கள் சிற்றரசர். அண்ணன் சுல்தானிடம் பதவிக்கான பட்டு அங்கி வாங்கினால் தம்பி ஷாவிடம் ஓடுவான். ரவாண்டூஸில் பீரங்கி வார்த்த மீர், சுல்தானின் படையோடு மோதுவது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஒரு முல்லா சொன்னதும் இறங்கிப் போய்ச் சரணடைந்தார், வீடு திரும்பவில்லை. போத்தான் மீரை அவருடைய சொந்தக்காரனே விட்டுவிட்டு எதிரிப் படையோடு சேர்ந்தான். "வெளியிலை இருந்து உடைச்ச கோட்டை எத்தினை, சொல்லு பாப்பம்! தூ, வெட்கங்கெட்டதுகள்." எங்கட சனமும் குறைச்சலில்லை அண்ணை என்று நானும் ஒத்து ஊதுவேன்.

அதிலும் திம்திம் கோட்டைக் கதை உங்களுக்கு ஆறாத புண். ஷாவின் படை மாதக்கணக்கில் சுற்றி நின்றும் ஏற முடியாத மலை. ஒளித்துக் கட்டிய தண்ணீர் வழியை உள்ளேயிருந்த ஒருவன் எதிரிக்குக் காட்டிக்கொடுத்தான் என்றுதான் உங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்கள் பாடுவார்களாம். அவனுடைய பெயரைச் சொல்லிவிட்டு வான் கண்ணாடியை இறக்கி வெளியே துப்புவீர்கள். ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் நின்ற கிழவி ஒருத்தி நம்மை ஏசினாள்.

இனி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். நம் வேலையில் பாதி, வீடுகளை வாடகைக்கு விடும் அந்த எங்கட ஊர் வீட்டுக்காரருடைய வீடுகளில்தானே. கோயிலில் முன்வரிசையில் நிற்பார். மேடை கிடைத்தால் தமிழ் அரசர்களின் கோட்டை கொத்தளம் என்று தொண்டை கிழியக் கத்துவார். நீங்கள் பல் பிடுங்கப் போயிருந்த நாளில் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, மேல்வீட்டிலை வாடகைக்கு இருக்கிறவள் வீட்டை விட்டு எழும்புறாள் இல்லை. அங்கை போற பைப்பை வெட்டி மூடிவிடும். அவள் திறக்கேலாத மாதிரி." முகக்கவசம் போட்டுக்கொண்டு நான் போனேன். அந்த எரித்திரியப் பெண் நான் எதையோ திருத்த வந்ததாக நினைத்து, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். மூடியைப் பற்றவைத்து முடித்து எழும்பினேன். தேநீர் போடட்டுமா என்று கேட்டாள். குழாயில் ஒரு சொட்டும் வராது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேண்டாம் என்றேன். "தாங்க் யூ" என்றாள். சீ! நானும் ஒரு மனிசன்.

மறுநாள் அவள் உங்களைத்தான் தேடி வந்தாள். அவளுடைய மூத்த பிள்ளையும் உங்கள் பேத்தியும் ஒரே பள்ளிக்கூடம். நீங்கள் போய் அந்த மூடியை வெட்டி எறிந்து தண்ணீர் விட்டுக் கொடுத்தீர்கள். மத்தியானம் வானுக்குள் இருந்து சொன்னீர்கள்: "ஆரோ ஒரு பன்னாடை கைக்குழந்தை இருக்கிற வீட்டுத் தண்ணியை வெட்டியிருக்கிறான்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீச்சீ, இப்பிடியும் சனம் இருக்குதோ?" கூசாமல் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகும் திம்திம் கதையைச் சொன்னீர்கள். ஆனால் காட்டிக்கொடுத்தவனின் இடம் வந்ததும், "அவன்ரை பேர் மறந்துபோச்சு" என்று தாண்டிவிடுவீர்கள். துப்புவதுமில்லை. வயசு போகுது, மறதி என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! எறிந்ததாக நினைத்த துண்டு உங்கள் பெட்டியில் இருந்திருக்கிறது. பற்றின் வாலைப் பார்த்து முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் அண்ணை என் மூஞ்சியில் துப்பவில்லை? துப்பியிருந்தால் கழுவிவிட்டாவது போயிருப்பேன்.

இன்று காலை அந்த வீட்டுக்காரர் திரும்பவும் போன் எடுத்தார். இந்த முறை நோர்பரியில் ஒரு வீடு, அதே வேலை. "உம்மட வாயிலை ஊத்தவும் தண்ணி இல்லாமல் போகும்" என்று கத்திவிட்டு வைத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கைக்குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. உங்கள் சாவுச் சடங்கில் பார்த்தவன் என்று மட்டும் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். செப்புத் துண்டைக் காட்டி, அன்று தண்ணீரை வெட்டியது நான்தான் என்று சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது தமிழ்தான். அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டாள்.

துண்டு இப்போது வானில், நீங்கள் தேநீர்க் கோப்பை வைக்கும் இடத்தில் இருக்கிறது. திம்திம் கதையில் நீங்கள் விட்டுப்போன பெயரை இனி நான் சொல்லுவேன், அண்ணை. அந்த இடத்தில் என்னுடைய பெயரைச் சொல்லுவேன்.