நாடகத்து மாமியாரும் நானும்

எஞ்சினியரம்மாவுக்கு,

அந்தக் காலத்தில் கட்டட வேலையில் கல் சுமந்த முழங்கால் இன்று என்னை லேசில் எழுந்திருக்க விடவில்லை. டாக்டரிடம் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. என் சாவி என்னிடம் இருக்கிறது, எனக்காகக் காத்திருக்காதே.

நேற்று டி.வி. நாடகத்தில், வக்கீல் மருமகளை வெளியூர் வழக்குக்குப் போகவிடாத மாமியாரை, "நீயெல்லாம் ஒரு பொம்பளையா" என்று திட்டினேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெளியூர்ல பாலம் கட்டுற வேலைக்குப் போகட்டுமான்னு காலையில நான் கேட்டப்ப, நீங்களும் அந்த மாமியார் வசனத்தையேதான் பேசினீங்க அத்தை" என்றாய். உனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஆனால் சொன்னது உண்மை. அவளாவது அந்த வசனத்துக்குச் சம்பளம் வாங்குகிறாள், நான் சும்மா பேசித் தொலைத்தேன்.

அந்த வேலையை ஒத்துக்கொள். பிள்ளையை என் மகன் பார்த்துக்கொள்வான். பெற்றவன்தானே, பழகட்டும். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாடகத்தில் அவள் புதிதாக என்ன அட்டூழியம் செய்தாலும் போனில் சொல்லிவிடுவேன், கவலைப்படாதே.

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: கோபத்தில் உன்னை "குடும்பத்துக்கு லாயக்கில்லாதவ" என்றேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். சீட்டில் எழுதினால் அது கேட்டதாகாது. உன் முகத்தைப் பார்த்துக் கேட்கும்வரை அது என் பாக்கி.